எத்தனை தலை

இப்போதெல்லாம் யாரும் சொல்லிவிட்டு ஏறுவதில்லை. காதில் எதையாவது சொருகிக்கொண்டு, கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு, பஸ்ஸோ ஆட்டோவோ எதுவானாலும் மூட்டை மாதிரி வந்து விழுகிறார்கள். ஓட்டுகிறவன் ஒருத்தன் இருக்கிறானே, எத்தனை பேர் ஏறினார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா என்கிற நினைப்பே கிடையாது.

வரதனுக்கு இது அறவே பிடிக்காது. லைட்ஹவுஸ் குப்பத்துக்குத் தெற்கே இருக்கும் பழைய துறையில் முப்பது வருஷம் அக்கரைப் படகு ஓட்டியவர் அவர். படகில் கால் வைக்கிறவன் "ஏறிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசியில் அவர் கேட்பார்: "எல்லாரும் ஏறியாச்சா?" கடைசி ஆள் "ஆச்சு" என்பான். கயிறு அவிழும். கேட்பது ஒரே ஒரு தடவைதான். முதல் தடவை கேட்பது மனுஷனுக்கு, இரண்டாம் தடவை கேட்டால் அது மத்ததுக்கு என்பார்கள் துறையில். மத்தது என்றால் எது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். தெரியாதவன்தான் இப்படிப் பூச்சாண்டி காட்டுவான் என்று வரதன் நினைத்துக்கொள்வார். நினைத்தாலும், முப்பது வருஷத்தில் இரண்டாம் தடவை அவர் கேட்டதில்லை.

அன்று மதியம் லோகேஷ் வந்து நின்றபோது அவர் வலை கட்டுகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். லோகேஷ் அக்கா மகன். அவருடைய ஒரே பெண் கீதாவைக் கட்டியவன். பெண்டாட்டி முனியம்மா போன பிறகு வரதனுக்கு உலகத்தில் இருப்பது கீதா ஒருத்திதான். அதனால் லோகேஷ் எந்தக் கிறுக்குத்தனம் பண்ணினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியாகப் பண்ணின கிறுக்குத்தனம் பெங்களூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த வீட்டு வண்டி. டீசல் லாரி மாதிரி முன்னால் டிரைவர் கூண்டு. பின்னால் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் வைத்த ஒரு அறை. இரண்டுக்கும் நடுவே தகரச் சுவர். அதில் முறத்தளவுக்கு ஒரு கண்ணாடி. உப்பேரி பார்க்க வருகிறவர்கள் ராத்திரி தங்கட்டும் என்று இரண்டு மாதமாக அதைப் பழைய துறையில் நிறுத்தி வைத்திருந்தான்.

"மாமா, பிக்கப்பே இல்ல. மிதிச்சா அழுவுது, நகர மாட்டேங்குது."

"வாங்கச்சொல்லவே இப்டித்தான் இருந்துச்சா?"

"அப்ப பறந்துச்சு. நாந்தானே ஓட்டிக்கினு வந்தேன். நிறுத்தி வச்சதுல இன்னாவோ ஆயிட்டுகீது. பொன்னேரிலேந்து ஒருத்தன் வந்து ஸ்கேனர் மாட்டிப் பாத்தான். ஒண்ணும் காட்டல. வண்டி சூப்பரா கீதுன்னு சொல்லிட்டுப் பூட்டான்."

"மிஷினு சொன்னா நம்பிடுவியா? அதுவா வண்டிய இழுக்குது?"

"அதான் உன்னாண்ட வந்துகீறேன். உன் காது போதும் மாமா."

சோப்பு போடுகிறான் என்று தெரிந்தது. ஆனாலும் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு அவன் பைக்கின் பின்னால் ஏறினார். "ஏறிட்டேன்" என்று சொன்னார். லோகேஷ் சிரித்தான்.

பழைய துறையில் பாலம் வந்த பிறகு ஆள் நடமாட்டம் கிடையாது. உடைந்த சிமெண்டுத் தூண்கள் நாலு தண்ணீருக்குள் நின்றன. கச்சான் காற்று ஓய்ந்து, ஏரி எண்ணெய் ஊற்றினது போல அசையாமல் கிடந்தது. கரையில் ஒதுங்கின பாசி வெயிலில் வெந்து, வாயைத் திறந்தாலே நாக்கில் படுகிற ஒரு நாற்றம் நாறியது. வண்டியின் கதவு ஏரியைப் பார்த்து இருந்தது. கதவுக்கு மேலே மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தான்: வாங்க, ஏறுங்க.

"எவனப் பாத்துடா வாங்கன்னு எழுதிகீற? ரோட்டுப் பக்கம் எழுதாம தண்ணிப் பக்கம் எழுதிகீறியே."

"வியூ மாமா. கதவத் தொறந்தா ஏரி. அதான் கேக்கறாங்க."

"மீனு வந்து தங்குமா?"

உள்ளேயிருந்து கீதா சிரிக்கிற சத்தம் கேட்டது. பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். "நைனா, டீ போடவா?" என்றாள். வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய கண் அதற்குள் வேறொன்றில் நின்றுவிட்டது.

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. அறைக்கு அடியில் இருக்கும் இரும்புப் பட்டைகள் வில் மாதிரி வளைந்திருக்க வேண்டும், தட்டையாகக் கிடந்தன. டயர் பிதுங்கியிருந்தது. காற்றைப் பார்த்தார். காற்று சரியாக இருந்தது.

"உள்ள இன்னாடா ஏத்தி வச்சிகீற?"

"கட்டிலு, அடுப்பு. அப்பால கீதா."

"நக்கலு வேணாம்."

"தண்ணித் தொட்டி ரொம்பி கீது மாமா. வேணும்னா தொறந்து வுடறேன்."

தொட்டித் தண்ணீர் முழுக்க மணலில் ஓடி ஏரிக்குள் இறங்கியது. வரதன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரற்கடை கூட எழும்பவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார்; தூசி இல்லை. டீசல் வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் பிரிந்து நிற்கும். ஒரு சொட்டு நிற்கவில்லை. கைபம்பை அடித்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயை விரலால் நெடுகத் தடவினார், விரிசல் இல்லை. சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், அடைப்பு இல்லை. கை பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டார். இன்ஜின் உடனே அணைந்தது, கிளட்ச் வழுக்கவில்லை. இருநூறு அடி ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக் கவ்விக்கொண்டிருக்கிறதா என்று சக்கரங்களைத் தொட்டார். கவ்வியிருந்தால் சுடும். சில்லென்று இருந்தன. நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டிக்கு அந்தச் சில் அதிகம். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஓட்டும்போதே அவர் காதுக்கு ஒன்று தெரிந்திருந்தது. படகில் பின்னால், இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முப்பது வருஷம் கேட்ட காது. எத்தனை தலை ஏறியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். ஒரு ஆள் கூடினால் இன்ஜினின் குரல் ஒரு நூல் இறங்கும். பின்னால் அறையில் கீதாவைச் சேர்த்து நாலு பேர் என்றது காது. மற்ற மூன்று பேர் எங்கே என்று அவர் காதைக் கேட்கவில்லை. வயசாகிவிட்டது, காதும் கோளாறு பண்ணும்.

"ஒரு புது ஃபில்டர் வாங்கிக்கினு வா. போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

"சரி மாமா. பஜாருக்குப் போயிட்டு வந்துடறேன். நீ மொள்ள வூட்டாண்ட ஓட்டிக்கினு வா. எதிர்ல வந்துடறேன்."

லோகேஷ் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் வரதன் நின்றார். பிறகு டிரைவர் கூண்டில் ஏறினார். கீதா பின்னால் அறையிலேயே வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சாவியைத் திருகி, பழக்கத்தில் கேட்டார்:

"எல்லாரும் ஏறியாச்சா?"

பதில் இல்லை. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு உருண்டு அடங்கியது. காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள். சொந்த அப்பன் கேட்டாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை வராது. எரிச்சல் தலைக்கேறியது. தகரத்தில் கையால் அடித்தார்.

"எல்லாரும் ஏறியாச்சான்னு கேக்கறன் இல்ல?"

"ஆச்சு."

கனத்த குரல். சளி பிடித்த மாதிரி.

கிளட்சை விடப் போனவர் நிறுத்தினார். வண்டி லேசாக ஏரிப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கரையிலிருந்து ஒருத்தன் படகில் கால் வைத்தால் படகு எப்படிச் சாய்ந்து நிமிருமோ, அப்படி. ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடியும் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடியும். அவசரமில்லாமல், ஒருத்தருக்கு ஒருத்தர் வழிவிட்டு ஏறுகிற மாதிரி. கடைசியில் நின்றது. பட்டைகள் கிறீச்சிட்டன. பாசி நாற்றம் கூண்டுக்குள் வந்திருந்தது. ஈர வலையைச் சுருட்டி மடியில் வைத்தது போல அவ்வளவு பக்கத்தில்.

பட்டை உடைந்திருக்கும் என்று வரதன் சொல்லிக்கொண்டார். வாய்விட்டே சொன்னார். பிறகு ஓட்டினார்.

துறையிலிருந்து குப்பத்துக்கு இரண்டரை கிலோமீட்டர். இடது பக்கம் ஏரி, வலது பக்கம் மணல்மேடும் அதற்கு அப்பால் கடலும். நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மேடு கட்டின ரோடு. முதல் கியரில் கிளம்பி இரண்டாவதற்குப் போட்டார், வண்டி திணறியது. மறுபடியும் முதல் கியர். மிதியைத் தரை வரைக்கும் அழுத்தினார். இன்ஜின் கத்தியது. பின்னால் கறுப்புப் புகை. வேகமுள் அசைந்து ஐந்துக்குக் கீழேயே நின்றது. காது எண்ண ஆரம்பித்தது. அவர் எண்ணச் சொல்லவில்லை.

கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேரி பின்னாலிருந்து நடந்து வந்தாள். குப்பத்தில் அடுத்த தெருக்காரி. வண்டிக்குப் பக்கமாக வந்தாள். வண்டியின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே கூண்டு வரைக்கும் நடந்து வந்து, "இன்னாண்ணா, யாரு வூட்டுக் கல்யாணம்?" என்றாள்.

"கல்யாணமா?"

"இத்தினி பேர அடச்சிக்கினு போறியே. நிக்கக்கூட எடமில்லாம கீறாங்க, பாவம். எங்கள எல்லாம் கூப்புட மாட்டியா?"

"கீதா மட்டுந்தாம்மா உள்ள."

"ஐயே, உனுக்கு எப்பவும் நக்கலு" என்று சிரித்துவிட்டு மேரி அவரைத் தாண்டிப் போனாள். நடந்தே தாண்டிப் போனாள். கொஞ்ச தூரத்தில் அவள் முதுகு சின்னதாகி, மணல்மேட்டுக் குறுக்குப் பாதையில் மறைந்தது. அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று வரதனுக்குப் பிறகுதான் தோன்றியது.

முதுகுக்குப் பின்னால் கண்ணாடியை யாரோ நகத்தால் தட்டினார்கள்.

"நைனா."

"இன்னா?"

"வழியில யாரையாச்சும் ஏத்துனியா?"

"வண்டியே நிக்கலியே. எங்கேந்து ஏத்தறது?"

"காலு வக்க எடமில்ல நைனா. கொஞ்சம் நகரச் சொல்லேன்."

அவர் திரும்பிக் கண்ணாடியில் பார்த்தார். அறை காலியாக இருந்தது. கட்டில், அடுப்பு, அடுக்கின தட்டுகள், எதிர்ச் சுவரில் ஏரியின் வெளிச்சம். நடுவில் கீதா நின்றிருந்தாள். ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை உடம்போடு ஒட்டி இறுகியிருந்தது. தோள்கள் இரண்டும் உள்ளே ஒடுங்கியிருந்தன. காலை நேரத்துப் பொன்னேரி பஸ்ஸில் நிற்கிற மாதிரி, முகத்தை மட்டும் மேலே தூக்கி, காற்றுக்காக, அந்தக் காலி அறையில்.

"கீதா. ஆச்சுன்னு சொன்னியே, நீதானே சொன்னே?"

"எப்போ?"

"கெளம்பச்சொல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலியே. பாட்டு கேட்டுக்கினு இருந்தேன்."

பிரேக்கை மிதித்தார். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை; காலை எடுத்ததும் வண்டி நின்றது.

"எறங்கு. கதவத் தொறந்து எறங்கு."

கதவு ஆடுகிற சத்தம். மறுபடியும் ஆடுகிற சத்தம். "வர மாட்டேங்குது நைனா. இறுகிக்கினு கீது." பாரம் தாங்காமல் அறையின் சட்டம் முறுக்கிக்கொண்டால் கதவு மாட்டிக்கொள்ளும். லாரிகளில் பார்த்திருக்கிறார். தன் பக்கத்துக் கதவின் கைப்பிடியைத் திருகினார். திருகியது. தள்ளினார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். பின்னாலிருந்து அறை கூண்டின் மேல் சாய்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. தகரச் சுவர் நடுவில் வயிறு மாதிரி அவர் பக்கம் புடைத்திருந்தது. அந்தப் பக்கக் கதவும் அப்படித்தான். ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்கவில்லை; அவர் தலைக்கு மட்டும் போதும், உடம்புக்குப் போதாது. போனை எடுத்து லோகேஷை அழைத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. பைக்கில் இருப்பான், எடுக்கமாட்டான்.

குப்பத்துக்குப் போய்விட்டால் ஆள் இருக்கிறது, கடப்பாரை இருக்கிறது. ஒன்றரை கிலோமீட்டர். அவ்வளவுதான். முதல் கியரைப் போட்டார்.

வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ரோட்டோரத்துக் கிளிஞ்சல் ஒன்று ஜன்னலுக்கு நேராக வந்து, நெடுநேரம் நேராகவே இருந்து, பிறகு பின்னால் போனது. கிளட்ச் தீய்ந்த வாசம். அதற்குக் கீழே பாசி. சூட்டு முள் சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு என்றது காது. பதினாலு. படகில் அவர் அதற்கு மேல் ஏற்றினதில்லை. பதினேழு.

"நைனா."

"சொல்லும்மா."

"மூச்சு முட்டுது."

"ஜன்னல தொற."

"கைய எடுக்க முடியல. ஈரமா கீறாங்க நைனா. எல்லாரும் ஈரமா கீறாங்க."

திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்கக்கூடாது. கீதாவின் கன்னம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளாக ஒட்டவில்லை. பின்னாலிருந்து நெருக்கினால் கன்னம் எப்படி நசுங்குமோ, அப்படி நசுங்கியிருந்தது. ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்தும். அவள் வாய்க்கு நேரே கண்ணாடியில் மூச்சு படிந்து கலைந்தது. அவள் நெற்றிக்கு மேலே இன்னொரு மூச்சு படிந்தது. அவள் தாடைக்குக் கீழே ஒன்று. மூலையில், சின்னதாக, குழந்தை மூச்சு போல ஒன்று.

பின்னால் யாருமில்லை. கட்டில். தட்டுகள். ஏரி வெளிச்சம்.

வரதன் சாமி கும்பிடுகிறவர் இல்லை. பூசாரி ஏமாற்றுகிறான், டாக்டர் ஏமாற்றுகிறான், டிவியில் பேசுகிறவன் ஏமாற்றுகிறான் என்று சொல்லிச் சொல்லியே அறுபத்தெட்டு வயசு வந்தவர். இப்போது கும்பிட எதுவும் இல்லை. தெரிந்த பேச்சு ஒன்றுதான் இருந்தது. படகுக்காரன் பேச்சு.

"பாரம் தாங்காது" என்றார். கனைத்துக்கொண்டார். "பாதிப் பேரு எறங்குங்க. அடுத்த நடையில ஏத்திக்கறேன்."

அசைவில்லை.

"பொண்ணு கீது உள்ள. வுட்டுடுங்க."

அசைவில்லை. கீதாவின் மூச்சு கண்ணாடியில் படியவில்லை. மற்ற மூச்சுகள் படிந்தன.

சாவியைத் திருகினார். இன்ஜின் செத்தது. ஏரி. கடல். இரும்பு சூடாறுகிற டிக் டிக். துறை வந்ததும் படகோட்டி சொல்லுகிற வார்த்தை ஒன்று உண்டு. அது சொன்ன பிறகுதான் ஆட்கள் எழுந்திருப்பார்கள். நடு ஏரியில் அதை விளையாட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். வரதன் முப்பது வருஷம் அதைப் பொய்யாகச் சொன்னதில்லை.

"கரை" என்றார்.

வண்டி எழுந்தது.

ஒவ்வொன்றாக இல்லை. சாய்ந்து நிமிர்ந்து, சாய்ந்து நிமிர்ந்து இல்லை. ஒரே தூக்கு. பட்டைகள் அத்தனையும் ஒன்றாகத் துள்ளின. அவர் தலை கூரையில் இடித்தது. எந்தப் படகிலும் ஆட்கள் அப்படி இறங்கி அவர் பார்த்ததில்லை. கதவு தானாகத் திறந்துகொண்டது. விழுந்து எழுந்து, பின்பக்கம் ஓடினார். அறைக் கதவும் திறந்துதான் இருந்தது.

கீதா படியில் நின்றிருந்தாள். உயிரோடு. புடவை காய்ந்துதான் இருந்தது. வரதன் அவள் கையைப் பிடித்து இறக்கினார். அவள் கால் தரையில் பட்டபோது அவர் உள்ளங்காலில் ஒரு அதிர்வு தெரிந்தது, பக்கத்தில் நங்கூரம் போட்ட மாதிரி. அதைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. பெண் உயிரோடு இருக்கிறாள்.

"ஒண்ணும் இல்லியே? உள்ள யாரும் இல்லியே?"

அவள் அவரைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். இழுத்ததை விடுவதற்குள் மறுபடியும் இழுத்தாள். மறுபடியும்.

"கீதா."

"ம்" என்றாள்.

லோகேஷ் அப்போதுதான் வந்து சேர்ந்தான். வரதன் சொன்னதை முழுசாகக் கேட்கவில்லை. கேட்டவரைக்கும் முகத்தில் சிரிப்பைக் கட்டுப்படுத்திக்கொண்டு நின்றான். "வெயில்ல கெறக்கம் வந்துட்டுகீது மாமா. ரெண்டு பேருக்கும்" என்றான். வண்டிக்கு அடியில் படுத்துப் பழைய வடிகட்டியைக் கழற்றினான். டம்ளரில் ஊற்றினான். பாதிக்குப் பாதி தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினான்.

"உப்பு. ஏரித்தண்ணி. டீசல்ல தண்ணி மாமா, அவ்ளோதான் மேட்டரு. எவனோ கலந்துகீறான்."

"நான் மதியம் பாத்தேன். அதே டம்ளரு. ஒரு சொட்டு இல்ல."

"உனுக்குக் கண்ணு தெரிலன்னு சொன்னா கோச்சுக்குவே."

புது வடிகட்டியை மாட்டி, கைபம்பை அடித்து, ஸ்டார்ட் பண்ணி, அவன் ஒருத்தனாக நூறு அடி ஓட்டிக் காட்டினான். வண்டி பாய்ந்தது. மண் பறந்தது. சூட்டு முள் சிவப்பில் இருந்ததால் உடனே அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"பாத்தியா பிக்கப்ப? சூடு ஆறட்டும், காலைல வந்து எடுத்துக்கறேன். வா, பைக்குல மூணு பேரும் பூடலாம்."

"நான் நடந்து வரேன்."

"இன்னும் நம்பலியா?"

வரதன் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குப்பத்தைப் பார்த்து நடந்தார். பின்னால் பைக் ஸ்டார்ட் ஆனது. கீதா ஏறியிருக்க வேண்டும். பைக்கின் பின்பக்கம் டொக்கென்று இறங்கி இரும்போடு இரும்பு இடித்தது. "ஐயே" என்றான் லோகேஷ்.

ஒதுங்கி வழி விட்டார். இப்போது தாண்டிப் போவார்கள். நடந்தார். சத்தம் பின்னாலேயே இருந்தது. முழு ரேஸ், முதல் கியர், தொண்டை கிழிகிற சத்தம். முழங்கால் வலிக்கிற கிழவன் நடை. ஒரு பைக்குக்கு அதைத் தாண்ட முடியவில்லை.

"மாமா. இன்னான்னு தெரில மாமா. இழுக்கவே மாட்டேங்குது."

அது டீசல் வண்டி இல்லை. பெட்ரோல். பெட்ரோலிலும் தண்ணீர் என்பான். சொல்லட்டும். தண்ணீராகவே இருக்கட்டும். வரதன் நம்பவில்லை. அதையும் நம்பவில்லை, இதையும் நம்பவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இடது பக்கம் ஏரியில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கத்து மணல்மேட்டில் அவருடைய நிழல் நீளமாக நடந்தது. அதற்குச் சற்றுப் பின்னால் பைக்கின் நிழல். ஓட்டுகிறவன் தலை ஒன்று, பின்னால் உட்கார்ந்தவள் தலை ஒன்று. படகில் முன்னால் நிற்கிறவன் தோளைப் பின்னால் நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்கிற மாதிரி, லோகேஷின் தோள்மேல் கைகள்.

தலை இரண்டுதான். கைகளை எண்ணுவதற்கு அவர் நிற்கவில்லை.